பாகும் பதமும்: திரவங்களின் பாகுநிலை பற்றி ஓர் அறிமுகம்

அதிரசத்துக்கு வெல்லம் காய்ச்சும்போது கரண்டியிலிருந்து விழும் துளியைப் பார்த்து, "இன்னும் ஒரு கொதி வரட்டும்" என்று ஆச்சிமார் சொல்வார்கள். அந்தத் துளியில் அவர்கள் அளப்பதைத்தான் இயற்பியல் பாகுநிலை என்கிறது. கல்லூரியில் விஸ்காசிட்டி என்று படிப்பதும் இதுவே. அந்த ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. புல்லுருவிப் பழத்தின் பசையைக் குறிக்கும் சொல் அதற்கு மூலம். தமிழ்ச்சொல் நேராக அடுப்படியிலிருந்து வந்துவிட்டது. காரைக்குடி வட்டாரத்தில் கல்யாணம் என்றால் மனகோலமும் (முறுக்குத் துண்டுகளைப் பாகில் கலந்த இனிப்பு) அதிரசமும் டின் டின்னாகச் செய்கிறார்கள், ஆகையால் பாகுநிலையைப் புரிந்துகொள்ள ஆய்வகம் தேடிப் போக வேண்டியதில்லை.

ஒரு திரவம் ஓடும்போது, அந்த ஓட்டத்துக்கு அது தனக்குள்ளேயே காட்டும் எதிர்ப்புதான் பாகுநிலை. எதிர்ப்பு குறைவென்றால் தண்ணீர்போல் சரசரவென்று ஓடும். அதிகமென்றால் விளக்கெண்ணெய்போல் யோசித்து யோசித்து இறங்கும்.

கெட்டி வேறு, கனம் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கெட்டியான குழம்பை "அடர்த்தியா இருக்கு" என்கிறோம். பேச்சுக்கு அது சரி. இயற்பியலில் அடர்த்தி என்பது ஒரு லிட்டர் எத்தனை கிலோ என்பது மட்டும்தான். கடலை எண்ணெய் ஒரு லிட்டர் ஏறத்தாழ 920 கிராம். தண்ணீரைவிட லேசு, அதனால் மிதக்கிறது. ஆனால் பாகுநிலையில் அது தண்ணீரைப்போல் 50, 60 மடங்கு. பாதரசம் இதற்கு நேர் எதிர். தண்ணீரைவிடப் பதின்மூன்றரை மடங்கு கனம், பாகுநிலையோ ஒன்றரை மடங்குதான். கனமான பொருள் கெட்டியாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தை இந்த இரண்டுமே உடைத்துவிடுகின்றன.

ஒட்டுவதும் வேறு விஷயம். தேன் கையில் ஒட்டும், மெதுவாகவும் ஓடும். விளக்கெண்ணெய் மெதுவாக ஓடும், ஆனால் தேன்போல் பிசுபிசுவென்று பிடித்துக்கொள்ளாது, வழுக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது

ஈரமான வெற்றிலைக் கவுளி ஒன்றைப் பலகையில் வைத்து, மேல் இலையை மட்டும் உள்ளங்கையால் தள்ளிப் பாருங்கள். மேல் இலை நகரும்போது அடுத்ததையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். அது தனக்குக் கீழே உள்ளதை இன்னும் கொஞ்சம் குறைவாக இழுக்கும். பலகையைத் தொட்டிருக்கும் கடைசி இலை அசையவே அசையாது. திரவமும் இப்படித்தான் அடுக்கடுக்காக நழுவுகிறது. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே உள்ள உராய்வுதான் பாகுநிலையாக வெளியே தெரிகிறது.

அந்தக் கடைசி இலையை மறந்துவிட வேண்டாம். பாத்திரத்தின் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் திரவம் நகர்வதில்லை. எண்ணெய் டின்னை எவ்வளவு நேரம் கவிழ்த்து வைத்தாலும் ஒரு பூச்சு உள்ளே தங்குவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். காற்றுக்கும் இதே விதி உண்டு. சுழலும் மின்விசிறி இறக்கையில் தூசி பறந்துபோகாமல் படிந்திருப்பதும் இதனால்தான்.

இதை அளக்கும் அலகு மில்லிபாஸ்கல்-நொடி. பழைய அலகான சென்டிபாய்ஸும் அளவில் அதேதான். பாய்ஸ் என்பது பிரெஞ்சு மருத்துவர் ழான் பொய்சுய் பெயரால் வந்தது. இரத்தம் மெல்லிய குழாய்களில் எப்படி ஓடுகிறது என்று அறிய முனைந்து 1840-களில் குழாய் ஓட்டத்தின் விதியைக் கண்டவர் அவர். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸில் 1. பால் ஏறத்தாழ 2. நம் ஊர்ச் சூட்டில், அதாவது 30 டிகிரியில், கடலை எண்ணெய் 50-ஐ ஒட்டியும் விளக்கெண்ணெய் 450-ஐ ஒட்டியும் இருக்கும். தேன் ஆயிரங்களில் போகும், ஈரத்தைப் பொறுத்து அந்த எண் வெகுவாக மாறும். பெட்ரோல் தண்ணீரைவிட நீர்த்தது.

மறுமுனையில் தார். கையில் எடுத்தால் கல், சுத்தியலால் தட்டினால் சில்லாக உடையும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர் 1927-இல் ஒரு புனலில் இத்தகைய கருங்கீலை ஊற்றி ஆறவிட்டார். 1930-இல் புனலின் அடியைத் திறந்துவிட்டார். அதிலிருந்து ஒரு துளி விழச் சுமார் பத்தாண்டு ஆகிறது. ஒன்பதாவது துளி 2014-இல் பிரிந்தது. கல் என்று நினைத்தது மிக மிக மெதுவான திரவம்.

சூடும் பதமும்

சூடேறினால் திரவம் தளரும். தண்ணீரே 20 டிகிரியில் 1 என்றால், கொதிநிலையில் 0.28. கடலை எண்ணெய் 30-இலிருந்து 50 டிகிரிக்குப் போனால் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். விளக்கெண்ணெய் 20 டிகிரியில் ஆயிரத்தை ஒட்டி இருப்பது 40 டிகிரியில் கால்பங்குக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே சூட்டைச் சொல்லாமல் பாகுநிலை எண்ணை மட்டும் சொன்னால் அதற்குப் பொருளில்லை. (காற்று முதலான வாயுக்கள் நேர்மாறு. சூடேறினால் அவற்றின் பாகுநிலை கூடும்.) மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைவதை இதோடு சேர்க்க வேண்டாம். அது பாகுநிலை கூடியதல்ல, சுமார் 24 டிகிரிக்குக் கீழே திரவமே திடமாக மாறுவது.

இப்போது வெல்லப்பாகுக்கு வருவோம். இங்கே இரண்டு வேலைகள் எதிரெதிராக நடக்கின்றன. கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகி இனிப்பின் பங்கு கூடுகிறது, அதனால் பாகு இறுகப் பார்க்கிறது. அதே நேரம் சூடு அதைத் தளர்த்துகிறது. சட்டியில் இருக்கும் பாகைப் பார்த்தே பதம் சொல்ல முனைகிறவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். 110 டிகிரியில் அது இன்னும் ஓட்டமாகத்தான் தெரியும். "பத்தலை" என்று மேலும் காய்ச்சினால், ஆறிய பிறகு பாறை. ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டுப் பார்ப்பது சூட்டின் பங்கைக் கழித்துவிட்டுப் பார்ப்பதற்குத்தான். அது சமையல் சடங்கல்ல, முறையான அளவீடு.

இனிப்பின் பங்கு கூடும்போது இறுக்கம் சீராகக் கூடுவதில்லை என்பதுதான் இதிலுள்ள பொறி. சீனிக் கரைசல் 20 டிகிரியில் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். நூற்றுக்கு 20 பங்கு சீனி இருந்தால் பாகுநிலை 2. 40 பங்கில் 6. 60 பங்கில் 58-ஐ எட்டுகிறது. 70 பங்கில் ஏறத்தாழ 480. முதல் அரைமணி நேரம் எதுவும் ஆகாததுபோல் இருந்துவிட்டுக் கடைசி இரண்டு நிமிடத்தில் பதம் ஓடிவிடுகிறதே, காரணம் இதுதான். கடைசியில் வெளியேறும் ஒவ்வொரு கரண்டி நீருக்கும் விலை அதிகம். பதம் நெருங்கும்போது தீயைக் குறைப்பதும், சோதிக்கும் நேரத்தில் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைப்பதும் இதற்காகவே. துளியைச் சோதித்துக்கொண்டிருக்கும் அரை நிமிடத்திலும் சட்டி காத்திருக்காது.

சீனிப்பாகில் கம்பிப்பதம் 106 முதல் 112 டிகிரிக்குள் வரும். நீரில் விட்டால் சேர்த்து மெத்தென்று உருட்ட வருகிற பதம் 112 முதல் 116. இறுகிய உருண்டை 121-க்கு மேல். வெல்லத்தில் வேறு சர்க்கரைகளும் உப்புகளும் கலந்திருப்பதால் இந்த எண்கள் சற்று முன்பின்னாகும். அங்கே வெப்பமானியைவிட விரலையே நம்பலாம். அதிரசத்துக்கு, ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்று வைத்தால், வேண்டியது மெத்தென்ற உருண்டை. பாகு இளசாக இருந்தால் நீர் அதிகம், எண்ணெயில் போட்டதும் அதிரசம் பிரிந்துபோகும். முற்றினால் மாவு பிடிக்காமல் உதிர்ந்து, சுட்டபின் கடிக்க முடியாது. மனகோலத்துக்கு அந்தப் பதம் போதாது. நீரில் உருட்டிய உருண்டையைத் தட்டில் போட்டால் 'டங்' என்று கேட்க வேண்டும். அந்த அளவு இறுகினால்தான் முறுக்குத் துண்டுகள்மேல் பாகு ஆறி, ஈரம் விடாமல், மொறுமொறுப்பு நிற்கும். பொரிகடலை, தேங்காய்ச் சில்லு எல்லாம் கை எட்டும் தூரத்தில் தயாராக இருக்கட்டும். ஊற்றிய பாகு ஆற ஆறக் கலக்கும் கை கனத்துக்கொண்டே வரும்.

கலக்கினால் மாறுகிறவை

தண்ணீர், எண்ணெய், சீனிப்பாகு இவற்றை மெதுவாகக் கலக்கினாலும் வேகமாகக் கலக்கினாலும் பாகுநிலை ஒன்றுதான். நியூட்டன் 1687-இல் எழுதிய கருத்தின்படி நடப்பதால் இவற்றை நியூட்டன் திரவங்கள் என்பார்கள். சமையலறையில் பாதிக்கு மேல் அப்படி நடப்பதில்லை.

இட்லி மாவு, தயிர், தக்காளி சாஸ், சுவருக்கு அடிக்கும் பெயிண்ட் எல்லாம் அசைக்க அசைக்கத் தளரும், விட்டால் இறுகும். பெயிண்ட் பிரஷ்ஷின் கீழே நீராக ஓடிச் சுவரில் நின்றதும் வழியாமல் பிடித்துக்கொள்வது இந்தக் குணத்தால். கிரைண்டரில் ஓடிக்கொண்டிருக்கும் மாவும் இப்படி ஏமாற்றும். கல் சுற்றும்போது சரியான தளர்வில் இருப்பதாகத் தெரிந்து, நிறுத்திய ஐந்து நிமிடத்தில் கெட்டியாக உட்கார்ந்திருக்கும். தண்ணீர் போதுமா என்பதை நிறுத்தி, சற்று விட்டு, கரண்டியில் எடுத்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

வெள்ளைப் பணியாரம் இதற்கு நல்ல பரீட்சை. ஒரு தம்ளர் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் நிற்கும் அளவுக்கு உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, இரண்டு மணி நேரம் ஊறவைத்து வெண்ணெயாக அரைப்பது வழக்கம். மாவு இட்லி மாவைவிடச் சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும். எண்ணெயில் ஊற்றியதும் மாவு பரவ முயல்கிறது, சூடு அதன் வெளிப்புறத்தை வேகவைத்து நிறுத்த முயல்கிறது. இந்தப் பந்தயத்தில்தான் பணியாரத்தின் வடிவம் பிறக்கிறது. மாவு நீர்த்திருந்தால் பரவல் ஜெயித்து, தட்டையாகி, ஓரம் கருகி எண்ணெய் குடிக்கும். கெட்டியாக இருந்தால் பரவும் முன்னே வெந்து உருண்டையாக நின்று நடுவில் மாவு வேகாது. ஆனால் உருண்டையாக நின்றால் உடனே தண்ணீரை ஊற்றிவிட வேண்டாம். மாவு சரியாக இருந்து எண்ணெய் மிதமிஞ்சிக் காய்ந்திருந்தாலும் இதே குறைதான் வரும். முதலில் தீயைக் குறைத்து ஒன்று ஊற்றிப் பாருங்கள். மாவில் ஊற்றிய தண்ணீரைத் திரும்ப எடுக்க வழியில்லை.

மண்டி என்கிற செட்டிநாட்டுப் புளிக்குழம்பின் கெட்டித்தன்மை வேறு வகை. வெண்டைக்காய் மண்டியில் அரிசி கழுவிய இரண்டாவது தண்ணீரில் புளியைக் கரைத்து ஊற்றுகிறோம். அந்தத் தண்ணீரில் மிதக்கும் மாவுச்சத்துத் துகள்கள் சூடு 70 டிகிரியை நெருங்கும் வாக்கில் நீரை உறிஞ்சி ஊதிப் பருக்கின்றன. ஒன்றோடொன்று நெருக்கியடித்து நிற்பதால் குழம்பு இறுகுகிறது. ஆறினால் இன்னும் இறுகும், ஆகவே அடுப்பில் இருக்கும்போது நினைத்ததைவிட ஒரு படி தளர இறக்க வேண்டும். நெடுநேரம் கொதிக்கவிட்டால் கெட்டியாகும் என்று நினைப்பது பாதிதான் உண்மை. நீர் வற்றும், சரி. ஆனால் புளியின் அமிலமும் நீண்ட கொதியும் சேர்ந்து மாவுச்சத்தின் நீண்ட இழைகளை அறுத்துப் போடுவதால் குழம்பு மறுபடி நீர்க்கவும் கூடும். வெண்டைக்காயின் கொழகொழப்பும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் வேலையே. தண்ணீர் பட்டால் அவை வெளியே வந்து விரியும். ஈரம் துடைத்து நறுக்கி, எண்ணெயில் வதக்கி, அப்புறம் புளிக்கரைசலை ஊற்றச் சொல்வது அந்தச் சங்கிலிகள் தலைதூக்காமல் இருக்கத்தான்.

அசைத்தால் இறுகுகிற திரவமும் உண்டு. கடையில் கார்ன்ஃப்ளோர் என்று கிடைக்கும் சோளமாவு இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து விரலை மெதுவாக விட்டால் இறங்கும், குத்தினால் கல்போல் நிற்கும். வேகமாக அழுத்தும்போது துகள்களுக்கு இடையிலிருந்த நீருக்கு விலகிப் போக நேரம் கிடைப்பதில்லை, துகளோடு துகள் உரசிப் பூட்டிக்கொள்கிறது. குழந்தைகளுக்குக் காட்ட நல்ல விளையாட்டு. முடிந்ததும் சிங்க்கில் கொட்டாதீர்கள், குழாயில் படிந்து அடைத்துக்கொள்ளும்.

அடுப்படிக்கு வெளியே ஒரு எடுத்துக்காட்டு காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடியில் இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளின் வளவிலும் (உள்முற்றப் பகுதி) பட்டாலையிலும் (கூடம்) தரையில் பதித்திருக்கும் பூக்கற்களைச் செய்யும்போது, கண்ணாடிமேல் வைத்த அச்சின் கட்டங்களில் நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, பின்புறம் மணலும் சிமெண்டும் போட்டு அடைக்கிறார்கள். குழம்பு நீர்த்திருந்தால் அச்சை எடுத்த கணமே சிவப்பு மஞ்சளுக்குள் கசியும். கெட்டியாக இருந்தால் பூவின் கூர்முனைக்குப் போய்ச் சேராது, முகப்பில் காற்றுப் பொட்டு விழும். ஊற்றும்போது ஓடவும் வேண்டும், ஊற்றியபின் நிற்கவும் வேண்டும். அசையத் தொடங்கவே ஒரு குறைந்தபட்சத் தள்ளு கேட்கிற குழம்புக்குத்தான் இரண்டும் சாத்தியம். தண்ணீராலோ எண்ணெயாலோ இது நடக்காது.

வீட்டில் அளந்து பார்க்க

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை அறுத்து எடுத்துவிடுங்கள். மூடியில் துளையிட்டு, 5 சென்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்கிய சாதாரண ஸ்ட்ராவைச் செருகி, சுற்றிலும் எம்-சீல் வைத்து அடைத்து ஒரு நாள் காயவிடுங்கள். பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி, பக்கவாட்டில் 200 மில்லி இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள். ஸ்ட்ராவின் வாயை விரலால் மூடி மேல் கோட்டுக்கு மேலேவரை நிரப்பி, திறந்து, மட்டம் முதல் கோட்டிலிருந்து இரண்டாவது கோட்டுக்கு இறங்கும் நேரத்தை ஃபோனில் எடுங்கள். ஒவ்வொரு திரவத்துக்கும் மூன்று முறை.

கடலை எண்ணெய் அரை நிமிடத்தை ஒட்டி இறங்கினால், விளக்கெண்ணெய் அதைப்போல் எட்டு, ஒன்பது மடங்கு எடுக்கும். விநாடிக் கணக்கைவிட இந்த மடங்குதான் முக்கியம். ஏனென்றால் பொய்சுய் விதிப்படி மெல்லிய குழாயில் ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. துளை இரட்டித்தால் ஓட்டம் 16 மடங்கு. பத்தில் ஒரு பங்கு குறுகினாலே மூன்றில் ஒரு பங்கு ஓட்டம் போய்விடும். உங்கள் ஸ்ட்ராவும் பக்கத்து வீட்டு ஸ்ட்ராவும் ஒரே விநாடியைக் காட்டாது.

பிழைகள் வரும் இடங்கள் மூன்று. தண்ணீரையும் பாலையும் இதில் ஒப்பிட்டால் கிட்டத்தட்ட ஒரே நேரம் காட்டும். அவ்வளவு நீர்த்த திரவங்களில் வேகத்தை நிர்ணயிப்பது உராய்வைவிடத் திரவத்தின் சொந்த உந்தம், அதனால் கருவி உணர்வதில்லை. காலையில் ஒன்று, மதிய வெயிலில் ஒன்று என்று அளந்தால் நீங்கள் அளப்பது எண்ணெயை அல்ல, வெயிலை. மூன்றாவது, முந்தைய திரவம் ஸ்ட்ராவின் சுவரில் தங்கியிருப்பது. அடுத்ததை ஊற்றும் முன் அதே திரவத்தால் ஒருமுறை அலசிக் கொட்டிவிடுங்கள். மாவையும் தயிரையும் இதில் அளக்க வேண்டாம், வரும் எண்ணுக்குப் பொருள் இருக்காது.

லேபிளிலும் ஜாடியிலும்

இருசக்கர வண்டி எண்ணெய் டப்பாவில் 20டபிள்யூ-40 என்று இருக்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. முன் எண் குளிர்ந்த எஞ்சினில் எண்ணெய் எவ்வளவு தளர்ந்திருக்கும் என்பதற்கு, பின் எண் 100 டிகிரியில் எவ்வளவு கெட்டியாகத் தாங்கும் என்பதற்கு. சூட்டில் அதிகம் நீர்த்துவிடாமல் இருக்க நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைக் கலக்கிறார்கள். கெட்டி எண்ணெய் ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. காலையில் கிளப்பியதும் அந்த எண்ணெய் மேலே ஏறிச் சேருவதற்குள் உலோகம் உலோகத்தோடு உரசித் தேய்ந்துவிடும். வண்டிக் கையேட்டில் உள்ள எண்ணை ஊற்றுவதே சரி.

தேனுக்கும் இதேபோல ஒரு நம்பிக்கை. தண்ணீர்த் தம்ளரில் விட்டால் கரையாமல் கம்பியாக அடிக்குப் போனால் சுத்தத் தேன் என்பார்கள். அந்தச் சோதனை காட்டுவது பாகுநிலையையும் கனத்தையும் மட்டும்தான். நம் உணவுப் பாதுகாப்பு விதி தேனில் ஈரம் நூற்றுக்கு 20-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. அந்த எல்லைக்குள்ளேயே இரண்டு பங்கு ஈரம் கூடினாலும் தேன் கண்ணுக்குத் தெரியும்படி தளரும், வெயில் நாளில் இன்னும் தளரும். நல்ல தேன் சோதனையில் தோற்றுப்போகும். நன்றாகக் காய்ச்சிய சீனிப்பாகோ, மேலே பார்த்த கணக்குப்படி, எந்தப் பதத்துக்கு வேண்டுமானாலும் வந்து நிற்கும், தம்ளரின் அடிவரை கம்பியாகவே போகும்.